ஒரு கோடி ஜூல்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்தோட இந்த வருஷ மலருக்கு என்னோட வேலைய பத்தி எழுதுங்கன்னு கமிட்டில கேட்டாங்க, அமெரிக்கால ஒரு மாநில ஹைவே டிபார்ட்மெண்ட்ல சேஃப்டி பிரிவு தலைவரா ரிட்டயர் ஆனவன், ஜூனியர் பசங்களுக்கு உபயோகமா இருக்கும்னு. சரின்னு சொல்லி வெச்சிருந்தேன். அதுக்குள்ள நம்ம பிசிக்ஸ் சார் தவறிட்டாருன்னு செய்தி வந்துச்சு. இப்போ எழுத உக்காந்தா சார் தான் முன்னாடி வந்து நிக்கறாரு, அதனால அவர பத்தியே எழுதறேன், வேலையும் அதுக்குள்ளயே வந்துரும்.

சார் எப்படின்னு உங்களுக்கு சொல்லணுமா. மதியம் முதல் பீரியடு, லேப் சாவிக்கொத்து, சனிக்கிழமை டெஸ்ட், பேப்பர கடைசி மார்க்ல இருந்து கூப்பிட்டு குடுக்கறது, எல்லா பேட்சும் பாத்தது தான். எங்க பேட்ச் மட்டும் பாத்தது ஒண்ணு இருக்கு.

பிளஸ் டூ வந்த புதுசு அது. எங்க கிளாஸ்ல ஒருத்தன் அப்பா லோடு லாரி டிரைவர், தர்மபுரி பக்கம் இருந்து சேலம் எறங்கறப்போ தொப்பூர் கணவாய்ல வண்டி கவுந்து செத்துட்டாரு. தூங்கிட்டான், தண்ணி போட்டிருப்பான், டீக்கடைல இருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இதே பேச்சு. காரியம் முடிஞ்சு அவன் மொட்டை தலையோட ஸ்கூலுக்கு வந்த அன்னிக்கு பின் பெஞ்ச்ல எவனோ அதையே முணுமுணுத்தான், அது சார் காதுல விழுந்துருச்சு. அடிப்பாருன்னு நெனச்சோம். அவரு டஸ்டர எடுத்து போர்ட சுத்தமா அழிச்சாரு, மேல இருந்து கீழ ஒரு சரிவு கோடு போட்டாரு, உச்சில ஒரு சின்ன கட்டம்.

"லோடோட லாரி எத்தன டன்டா?"

"பத்து இருக்கும் சார்."

"எறக்கம் நூறு மீட்டர்னு வெச்சுக்கோ, ஜி பத்து. நிலையாற்றல் எவ்ளோ?"

பத்தாயிரம் கிலோ, பெருக்கல் பத்து, பெருக்கல் நூறு. ஒரு கோடி ஜூல். போர்ட்ல பெருசா எழுதி அடில ரெண்டு கோடு போட்டாரு. "மேல நிக்கறப்போ வண்டிகிட்ட இது இருக்கு. கீழ வந்து நிக்கறப்போ இருக்க கூடாது. எங்கடா போச்சு ஒரு கோடி?" பிரேக் டிரம்ல சூடா போச்சு சார்னு யாரோ சொன்னோம். "டிரம் சூடு ஏறி ஏறி லைனிங் புடிக்காம போனா?" யாரும் வாய தொறக்கல. அப்புறம் அவன் பக்கம் திரும்பி, எப்பவும் டேய்னு கூப்பிடறவரு அன்னிக்கு தம்பின்னாரு. "தம்பி, அப்பா தொப்பூர்ல என்ன கியர்ல எறக்குவாரு?"

"செகண்ட் கியர் சார். டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல் போடவே மாட்டாரு."

அதையும் போர்ட்ல எழுதினாரு. கியர்ல எறக்கினா எஞ்சின் கொஞ்சத்த வாங்கிக்கும், மீதிய பிரேக் வாங்கணும், அதுக்கும் மேல மிச்சம் இருந்தா ரோடு தான் வாங்கணும், அந்த ரோட்ட அந்த எடத்துல அப்படி வளைச்சு போட்டவன யாராவது போய் கேட்டீங்களாடான்னு எங்கள பாத்து கேட்டாரு. மணி அடிச்சும் யாரும் எந்திரிக்கல.

நான் கிண்டில சிவில் படிச்சு அமெரிக்கா போய் ஹைவே வேலைல சேந்தப்போ வில்லியம் ஹாடன்னு ஒருத்தர படிக்க சொன்னாங்க. டாக்டருக்கு படிச்சவரு, 1966ல ஜான்சன் அரசு ரோடு பாதுகாப்புக்குன்னு தனி அமைப்பு ஆரம்பிச்சப்போ அதுக்கு முதல் தலைவர். விபத்துல உடம்ப உடைக்கறது ஆற்றல், அது யார் மேல எவ்ளோ வேகத்துல போய் சேருதுங்கறத தடுக்கறது தான் வேலைன்னு சொன்னவரு. விபத்துக்கு முன்னாடி, விபத்து நேரத்துல, அப்புறம்னு மூணா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஆள், வண்டி, சுத்துப்புறம்னு கட்டம் போட்டு பாக்க சொல்லுவாரு. 1968ல அமெரிக்க கார்ல சீட் பெல்ட், இடிச்சா மடங்கற ஸ்டியரிங் தண்டு எல்லாம் கட்டாயம் ஆனது அவங்க போட்ட விதில தான். படிக்க படிக்க எனக்கு சாரோட போர்டு தான் தெரிஞ்சுது. ஹாடன் பேர அவரு கேள்விப்பட்டே இருக்க மாட்டாரு, தர்மபுரில ஒரு சாக்பீஸ வெச்சு அதே எடத்துக்கு வந்திருக்காரு.

என் வேலைல எனக்கு ரொம்ப புடிச்சது மலை எறக்கத்துல லாரிக்கு போடற தப்பிக்கற பாதை. பிரேக் போன வண்டி ரோட்ட விட்டு அதுக்குள்ள ஏறினா கல்லுல பொதைஞ்சு நின்னுரும். உடைச்ச ஜல்லி ஆகாது, ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும், சக்கரம் மேலயே ஓடிரும். ஒரே சைஸ் உருண்டை கூழாங்கல் தான் வேணும், நுழையற எடத்துல ஆழம் கம்மியா ஆரம்பிச்சு போக போக ஒரு மீட்டர் ஆழம். அடில தண்ணி வடியணும், இல்லன்னா பனிக்காலத்துல உறைஞ்சு பாறை ஆயிரும். ஒவ்வொரு தடவ லாரி ஏறினப்புறமும் கிளறி சமப்படுத்தணும். டிரைவர் உயிரோட கீழ எறங்கி, கைகால் நடுங்க, வண்டிய சுத்தி சுத்தி வந்து பாத்துட்டு நிப்பாங்க. அந்த முகத்த பாக்கறப்பல்லாம் எனக்கு அந்த மொட்டை தலை தான் ஞாபகம் வரும்.

2019 ஏப்ரல்ல கொலராடோல ஐ-70ங்கற ஹைவே எறக்கத்துல ஒரு சின்ன வயசு டிரைவருக்கு பிரேக் போய், நின்னுட்டிருந்த வண்டிங்க மேல மோதி 4 பேர் செத்தாங்க. வழில தப்பிக்கற பாதை இருந்துச்சு, அவன் தாண்டி வந்துட்டான். கோர்ட்ல 110 வருஷம் ஜெயில்னாங்க, ஊரே கொதிச்சப்புறம் கவர்னர் 10 வருஷமா கொறச்சாரு. அவன் மேல தப்பு இல்லன்னு நான் சொல்லல. செத்த குடும்பங்களோட வலி பெருசு. ஆனா 110 வருஷம் ஒருத்தன உள்ள வெச்சா அடுத்த லாரியோட டிரம் சூடாகாம இருக்குமா?

சார் வீட்டுக்கு கடைசியா போனப்போ கண்ணு சரியா தெரியல அவருக்கு. கூழாங்கல் கதைய ரெண்டு தடவ சொல்ல வெச்சு கேட்டாரு. பேப்பர்ல பெருசா வரைஞ்சு குடுன்னு வாங்கி மூக்குகிட்ட வெச்சு பாத்தாரு. "இத நம்ம தொப்பூர்ல போட முடியாதாடா?" எறக்கம் எவ்ளோ, பக்கத்துல எடம் இருக்கா, எல்லாம் அளந்து பாக்கணும் சார்னு சொன்னேன். "அப்ப நீ வந்து அளக்கலாம்ல"ன்னாரு. கோபமா எல்லாம் இல்ல, சாதாரணமா தான் கேட்டாரு.

தினேஷ் மோகன்னு ஒரு பேராசிரியர், 2021ல கோவிட்ல போயிட்டாரு. அமெரிக்கால ஹாடன் தலைவரா இருந்த, இன்சூரன்ஸ் கம்பெனிங்க ரோடு பாதுகாப்பு ஆராய்ச்சிக்குன்னு நடத்தற இன்ஸ்டிட்யூட்லயே வேலை பாத்தவரு, 1979ல எல்லாத்தையும் விட்டுட்டு டெல்லி ஐஐடிக்கு திரும்பி வந்து, நடந்து போறவன், டூவீலர்ல போறவன் உயிருக்காக நாப்பது வருஷம் கத்திட்டே இருந்தாரு. அவரு திரும்பின ரோடு எனக்கும் தொறந்து தான் இருந்துச்சு. பசங்க படிப்பு, வீட்டு லோன், அப்புறம் பாக்கலாம்னு வருஷம் ஓடிருச்சு. இங்க நான் போட்ட கல்லுல யார் யாரோ பொழைச்சிருக்காங்க, அதுல எனக்கு சந்தோஷம் தான். நம்ம தொப்பூர் ரோடு நாலு வழி ஆச்சு, என்.எச். 7ங்கறது 44 ஆச்சு, 2020 டிசம்பர்ல சிமெண்ட் லாரி ஒண்ணு வரிசையா நின்ன கார நசுக்குச்சு, 2024 ஜனவரில மறுபடி 4 பேர். ஒவ்வொரு தடவயும் வீடியோ எனக்கு தான் மொதல்ல அனுப்பறாங்க, நீ இந்த வேலைல தானே இருக்கன்னு. என்ன பதில் போடறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் போன கைல வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

அந்த மொட்டை தலை நண்பன் பிளஸ் டூ முடிக்கல, கிளீனரா போய், டிரைவர் ஆகி, இப்போ சொந்தமா ரெண்டு வண்டி வெச்சிருக்கான். சார் போன செய்திய சொன்னதே அவன் தான். தூக்கிட்டு போன நாலு பேர்ல அவனும் ஒருத்தன்.

சார் பேர்ல சங்கம் கோல்டு மெடல் குடுக்கலாம்னு பேச்சு இருக்குன்னு கேள்விப்பட்டேன், நல்லது தான், என் பங்க தரேன். கூடவே இன்னொண்ணும் கேக்கறேன். வருஷம் ஒரு தடவ பிளஸ் டூ பசங்கள போலீஸ் பாதுகாப்போட தொப்பூர் இரட்டைப் பாலம் வரைக்கும் கூட்டிட்டு போகணும், எறக்கத்த அவங்களே அளக்கணும், கணக்கு போட்டு கலெக்டர் ஆபீசுக்கும் நெடுஞ்சாலை ஆபீசுக்கும் அனுப்பணும். வேன் செலவு, டேப், லெவல் கருவி எல்லாம் என் பொறுப்பு. என் நண்பன் வண்டில வந்து கியர், பிரேக் எல்லாம் காட்டி சொல்லித் தரேன்னு ஒத்துக்கிட்டான். முதல் தடவைக்கு நானும் வரேன். செயலாளர் அண்ணா, அடுத்த கமிட்டி கூட்டத்துல இத எடுத்து பேசிட்டு எனக்கு ஒரு தேதி சொல்லுங்க.