பின் டிஃபரன்ஷியலை மாற்றும் முன்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சுருதி மாறினால் டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) மேல்தான் சந்தேகம். வளைவில் சத்தம் கூடிக் குறைந்தால் முதலில் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

பழைய பிஎம்டபிள்யூக்களில் பின்மூடி போல்ட்டில் மாட்டிய சிறு தகட்டில் ரேஷியோ (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்) இருக்கும், ‘எஸ் 3.25’ என்றால் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை. தகடு துருவில் போயிருந்தால் (பெரும்பாலும் போயிருக்கும்), வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் போடுங்கள். லிமிடெட் ஸ்லிப் இல்லாத சாதாரண வகையில், ஒரு பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நீளத் தண்டு) சுற்றும் எண்ணிக்கைதான் ரேஷியோ. புதிதாக வருவதும் அதே ரேஷியோவாக இருக்கட்டும்.

ஆயிலை வடிக்குமுன் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்தபின் அது மசியாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். ஷாஃப்டும் டிஃபரன்ஷியலின் ஃபிளாஞ்சும் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) சேருமிடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது இடம் மாறினால் அதிர்வு வரலாம். டிஃபரன்ஷியல் வெளியே இருக்கும்போதே, ஆயில் கசியாமல் தடுக்கும் பக்கவாட்டு சீல்களையும் மாற்றிவிடலாம்.