ஆட்டம் நின்றாலும் ஊசி நிற்காது: சிடன்ஹாம் கொரியா

தேத்தண்ணிக் கோப்பை கைதவறி விழும், கையெழுத்து கோணலாகும், காரணமில்லாமல் அழுகை வரும். இதுதான் சிடன்ஹாம் கொரியா: ஸ்ட்ரெப் கிருமியால் வரும் தொண்டை நோவுக்குப் பிறகு, இதய வால்வையும் தாக்கக்கூடிய வாதக் காய்ச்சலின் (ருமாட்டிக் ஃபீவர்) பகுதியாக, கை, கால், முகம் தன்னையறியாமல் ஆடும் நோய். 5 முதல் 15 வயதுக்குள், அதிலும் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாக, இதைக் குழப்படி என்றுதான் முதலில் எடுப்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் நாவூறு கழித்து, நூல் கட்டி முடியவே நாள் போய்விடும். நித்திரையில் ஆட்டம் அடங்குவதால் “நடிக்கிறாள்” என்ற பேச்சும் வரும். நடிப்பில்லை.

டொக்டரிடம் போகும்போது பழைய பள்ளிக் கொப்பியையும் புதியதையும் கொண்டுபோங்கள். ஆட்டத்தைப் போனில் வீடியோவும் எடுங்கள். அங்கே விரலைப் பிடிக்கச் சொல்வார்கள். பிடி பால் கறக்கிற மாதிரி இறுகி இறுகித் தளரும். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடும்.

தொண்டை நோ வந்துபோய் ஒன்று முதல் ஆறு மாதம் கழித்தே இது தலைகாட்டும். அதனால் தொண்டைக் கிருமியின் தடயம் பார்க்கும் ஏ.எஸ்.ஓ.டி., அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனைகள் சரியாக வந்தாலும் நோய் இல்லை என்றாகாது. ரிப்போட்டைப் பார்த்து நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். லூபஸ் (எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), வில்சன் நோய் (உடலில் செம்பு சேரும் நோய்) ஆகியவற்றுக்கான சோதனைகள் வேறு காரணங்களை விலக்கத்தான், பயப்படாதீர்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனை மட்டும் விடவேண்டாம்: டொக்டரின் காதுக்குச் சத்தம் பிடிபடாமலே இதயத்தின் மைட்ரல் வால்வு கசியலாம்.

ஆட்டம் பெரும்பாலும் சில மாதத்தில் தானாக அடங்கும். கடுமையென்றால் ஆட்டத்தைக் குறைக்க வல்ப்ரோயேற் போன்ற மருந்து தருவார்கள். நீண்டகாலம் தொடரவேண்டியது, தொண்டைக் கிருமி மறுபடி தொற்றாமல் தடுக்கும் ஊசிதான். பென்சதீன் பெனிசிலின் 12 லட்சம் யூனிட், எடை குறைந்த பிள்ளைக்கு 6 லட்சம், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. இதயத்தில் பழுதில்லை என்றால் 5 வருடம் அல்லது 21 வயது, எது பிந்தியதோ அதுவரை. பழுதிருந்தால் 10 வருடத்துக்குக் குறையாது. பிள்ளை ஓடித்திரியத் தொடங்கியதும் “இனி எதுக்கு ஊசி” என்று நிறுத்துவார்கள். அடுத்த தொண்டை நோவில் ஆட்டம் மட்டுமா வரும், வால்வும் பழுதாகலாம்.

மருந்து வெள்ளைக் கலங்கல். நன்றாகக் குலுக்காவிட்டால் ஊசித்துளை அடைத்து மறுபடி குத்தவேண்டி வரும். அறைச்சூட்டுக்கு வந்தபின் மெல்ல ஏற்றினால் நோ குறையும். அலர்ஜி வந்தால் பார்க்க, போட்டபின் அரைமணி அங்கேயே இருங்கள்.

கிளினிக் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் என்றாலும், ஊசியைக் களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ போட முடியுமா என்று கேட்டு, கடிதம் வாங்கப் பாருங்கள். தூரம்தான் பலரின் திகதியைப் பிந்தவைக்கிறது. பெண் பிள்ளை வளர்ந்து கர்ப்பமானாலோ கருத்தடை மாத்திரை எடுத்தாலோ ஆட்டம் திரும்பலாம். அப்போது பார்க்கும் டொக்டரிடமும் பழைய கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.