டிபிஎஸ் மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினாலோ, ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது வண்டி வெட்டினாலோ உடனே டிபிஎஸ் மேல்தான், அதாவது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் மேல்தான் பழி விழுகிறது. நல்ல சென்சாரைக் குப்பையில் போடாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். இங்கே சொல்வது கேபிள் த்ராட்டிலும் மூன்று வயர் (5 வோல்ட், எர்த், சிக்னல்) சென்சாரும் உள்ள எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) கார்களுக்கு.

இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பிளேட்டின் விளிம்பில் கரி படிந்திருந்தாலும், கேபிள் துளியும் தளர்வில்லாமல் இழுத்து நின்றாலும் பிளேட் சரியாக மூடாது. அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

சாவி ஆனில் இருக்கட்டும், இன்ஜின் ஓட வேண்டாம். சென்சாரின் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றி வயரிங் பக்கம் அளந்தால் ஒரு முனையில் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? பல கார்களில் அதே 5 வோல்ட்தான் மேப் சென்சாருக்கும் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) போகிறது. அது உள்ளே ஷார்ட் ஆனால் இங்கேயும் வோல்ட் விழுந்துவிடும். அதன் கப்ளரைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் கோளாறு அங்கேதான். கப்ளர் மாட்டியிருக்கும்போது எர்த் வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை ஒட்டி ஏறி நிற்கும், ஸ்கேனரில் பி0123 என்ற கோளாறுக் குறியீடு காட்டும். 5 வோல்ட் வயர் அறுந்தால் சிக்னல் பூஜ்யம், குறியீடு பி0122.

இனி கப்ளரை மாட்டி, பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டு சிக்னல் வயரைப் பிடியுங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள். அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி செம்பு பச்சை பிடிக்கும். மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். சரியான அளவு அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் உண்டு.

இந்த இரண்டு எண்ணும் சரி என்று அதோடு விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு தேய்ந்து கரகரப்பது போலத்தான் சென்சாருக்குள் இருக்கும் கார்பன் தடமும் தேய்கிறது. வண்டி பெரும்பாலும் லேசான மிதியில் ஓடுவதால், தேய்மானம் முதல் கால் பங்குத் திறப்பில்தான் அதிகம். அங்கே மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். வோல்ட் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்து எழுந்தால் சென்சார் போய்விட்டது, திருகிப் பயனில்லை. டிஜிட்டல் மீட்டர் நொடிநேர விழுதலைத் தவறவிடும். முள் மீட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட், ஸ்க்ரூ துளை நீளமாக இருந்தால் மட்டுமே. வட்டத் துளை என்றால் மூடிய நிலையை இசியூவே (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கற்றுக்கொள்ளும். நீளத் துளை என்றால் இரண்டு ஸ்க்ரூவையும் சற்றே தளர்த்தி, மேனுவல் சொல்லும் வோல்ட் வரும்வரை சென்சாரைத் திருப்பி, மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும். அதனால் த்ராட்டிலை இரண்டு மூன்று முறை திறந்து விட்டு மறுபடி பாருங்கள். அளவு கூடுதலாக நின்றால், கால் எடுத்த பிறகும் இசியூ அதை ஐடில் என்று ஏற்காது. ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும்.

பிளேட்டைத் தாங்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் வோல்ட்டுக்காகத் தொடாதீர்கள். அது மாறினால் மூடிய நிலையில் போகும் காற்றும் மாறிவிடும், ஐடில் சீராக இருக்காது.