வியன்னாவில் வீடு தேடினால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள்

வியன்னாவில் வேலை கிடைத்துவிட்டது, எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம் என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கேட்கும்போதே மேப்பில் ஆபீஸைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள் 16 மாதம் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

2022 பிப்ரவரியில் வந்தேன். மனைவியும் மூன்று வயதுப் பையனும் ஏப்ரலில் வருவதாக இருந்தது, அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும். அம்பத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை போய் வந்து பழகிய உடம்பு இது. ஆபீஸிலிருந்து ஏழு கிலோமீட்டரில் வீடு என்றதும் பூ என்று ஊதித் தள்ளிவிட்டேன். ஆபீஸ் இருப்பது ஐ.நா. கட்டடங்கள் நிற்கும் கைசர்ம்யூலன் பக்கம், டான்யூப் ஆற்றைத் தாண்டி. பிடித்த வீடு 17ஆவது வட்டாரமான ஹெர்னால்ஸில். ஆல்ட்பாவ் என்று இங்கே ஆசையாகச் சொல்லும் பழைய கட்டடம், கூரை மூன்று மீட்டருக்கும் மேலே, மரத்தரை, ஜன்னலைத் திறந்தால் மரம். வாசலிலிருந்து ஆறு நிமிஷத்தில் 43ஆம் நம்பர் ட்ராம். மார்ச் மாதமே கையெழுத்து போட்டுவிட்டேன்.

விளம்பரத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று போட்டிருந்தது. இரண்டு மாடிதானே. இந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் அரை மாடி உயரத்தில் ஹோக்பார்டெர் என்று ஒன்று, அதற்கு மேல் மெட்சனீன் என்று இன்னொன்று, அதையும் தாண்டித்தான் 'முதல் மாடி' ஆரம்பிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? என் இரண்டாவது மாடிக்கு 84 படி. இந்தியக் கடையில் பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை வாங்கி, ட்ராமில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மெட்சனீன் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதுதான் அந்தப் படிகளை எண்ணினேன். பையன் தூங்கிவிட்டால் அவனையும் தள்ளுவண்டியையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். மனைவி வந்த முதல் வாரமே, "வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏறி வந்து பாக்கணுமே" என்றாள்.

முகவரியிலும் ஒரு கூத்து. விளம்பரங்களில் 'டாப் 14', 'டாப் 3' என்று வரும். டாப் என்றால் மேல்தளம், மொட்டை மாடி கிடைக்கும், வடாம் போடலாம் என்றே நினைத்திருந்தேன். அது வெறும் கதவு எண். தரைத்தளத்து வீடும் டாப்தான். அஞ்சல் எண் மட்டும் நல்ல உதவி: 1170 என்றால் நடுவில் இருக்கும் 17தான் வட்டாரம், 1100 என்றால் பத்தாவது, 1220 என்றால் இருபத்திரண்டாவது. விளம்பரம் பார்க்கும்போது இது மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

சரி, போக்குவரத்துக்கு வருகிறேன். ஆபீஸுக்குப் போக ஆறு நிமிஷ நடை, 43இல் ஏறி ஷாட்டன்டோர், அங்கே படியிறங்கி மெட்ரோ, மூன்று ஸ்டேஷன் தள்ளி ப்ராட்டர்ஷ்டெர்னில் இறங்கி வேறு மெட்ரோ, அதில் இன்னும் மூன்று ஸ்டேஷன். ஒவ்வொன்றும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை வருவதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டி மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நடை, ஒரு எஸ்கலேட்டர், ஒரு காத்திருப்பு. காலையில் 43இல் மாணவர்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் நெருக்கியடித்து நிற்பார்கள். அப்புறம் ட்ராமுக்கென்றே ஒரு வியாதி உண்டு. யாராவது ஒருத்தர் காரின் மூக்கைத் தண்டவாளத்துப் பக்கம் ஒரு சாண் நீட்டி நிறுத்திவிட்டுப் போயிருப்பார். ஓட்டுநர் மணியடிப்பார், இறங்கிப் பார்ப்பார், மறுபடி மணியடிப்பார். பின்னால் இன்னும் இரண்டு ட்ராம் வந்து வரிசையாக நிற்கும். காரின் சொந்தக்காரர் கையில் காபியோடு மெதுவாக வருவார். எல்லாம் சேர்த்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். ஏழு கிலோமீட்டருக்கு.

ஆபீஸில் கும்பகோணத்துக்காரர் ஒருவர், இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆனவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். புலம்பலைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க மேப்ல தூரத்தைப் பாத்தீங்க, கலரைப் பாக்கல" என்றார்.

கலர் என்று அவர் சொன்னது மெட்ரோவை, இங்கே அதற்கு ஊ-பான் என்று பெயர். ஐந்து தடம்: ஊ1 சிவப்பு, ஊ2 ஊதா, ஊ3 ஆரஞ்சு, ஊ4 பச்சை, ஊ6 பழுப்பு. ஊ5 எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள்; அதை இப்போதுதான் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் சொன்ன கணக்கு எளிது. ஆபீஸ் எந்தக் கலரில் இருக்கிறதோ அதே கலரில் வீடு பார், எத்தனை ஸ்டேஷன் தள்ளி என்று கவலைப்படாதே. ஒரே வண்டியில் பன்னிரண்டு ஸ்டேஷன் போவது, மூன்று வண்டி மாறி எட்டு ஸ்டேஷன் போவதைவிடச் சுகம். உட்கார இடம் கிடைத்தால் ஊரிலிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டு முடிக்கலாம்.

தள்ளிப் போனால் டிக்கெட் ஏறுமே என்றேன். லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஸோன் கணக்கு சொல்லிச் சொல்லி என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தான். வியன்னாவில் அந்தப் பேச்சே இல்லை. 23 வட்டாரமும் ஒரே ஸோன். நடு ஊரில் குடியிருந்தாலும் கடைசி ஸ்டேஷனில் குடியிருந்தாலும் டிக்கெட் ஒன்றுதான். வருஷ டிக்கெட் 2012லிருந்து 365 யூரோ, அதாவது நாளைக்கு ஒரு யூரோ. இந்த 2026 ஜனவரியில் 467 ஆக்கிவிட்டார்கள், மொபைலில் வைத்துக்கொண்டால் 461. ஊரே முணுமுணுத்தது, நானும்தான். ஆனாலும் மெட்ரோ, ட்ராம், பஸ், நகருக்குள் ஓடும் ரயில் எல்லாம் இதற்குள் அடக்கம் என்பதால் கார் வாங்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. ஆறு வயதுக்குள் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: நகர எல்லையைத் தாண்டினால் இந்த டிக்கெட் செல்லாது. விமான நிலையம் இருக்கும் ஷ்வெகாட் எல்லைக்கு வெளியே. அந்தப் பக்கம் வாடகை குறைவு என்று போகிறவர்கள், கூடுதல் டிக்கெட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போகவும்.

மாறிவிடலாம் என்று முடிவு செய்தாலும் உடனே முடியவில்லை. மூன்று வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்கப்புறம் மூன்று மாதம் இருக்க வேண்டும். கையெழுத்து போடும் முன் இதைப் படித்துப் பாருங்கள். நான் வாடகைத் தொகையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

இந்த முறை அண்ணன் சொன்னபடி ஊ1 தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கினேன். வடக்கே காக்ரான், தெற்கே ஃபவோரிட்டன். ஃபவோரிட்டன் பத்தாவது வட்டாரம், இரண்டு லட்சத்துக்கும் மேல் ஜனம், துருக்கியர், செர்பியர், சிரியாக்காரர் என்று எல்லோரும் இருக்கும் இடம். ஆபீஸில் ஆஸ்திரியர்களிடம் சொன்னால் மூக்கைச் சுளிப்பார்கள். பயம் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். நாங்கள் குடிவந்த பிறகு, 2024 மார்ச்சில், அங்கே ராய்மன்பிளாட்ஸ் சதுக்கத்தைச் சுற்றி ஆயுதத் தடைப் பகுதி என்றே அறிவித்தார்கள். அந்தப் பயப் பேச்சு அப்போதே இருந்ததால்தான், விளம்பரத்தில் கொடுத்த நேரத்துக்கு வீட்டைப் பார்த்ததோடு விடாமல், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ட்ரோஸ்ட்ஸ்ட்ராஸெ ஸ்டேஷனில் இறங்கி அந்த வீட்டு வாசல் வரை நடந்து பார்த்தேன். நான்கு நிமிஷம். வெளிச்சமான தெரு, ஒரு கெபாப் கடை, நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டி. ஞாயிறு மதியம் மனைவி, பையன், தள்ளுவண்டியோடு இன்னொரு தடவை. ஸ்டேஷன் லிஃப்ட் தெருவில் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். இரண்டு வாசல் இருந்து லிஃப்ட் ஒன்றில் மட்டும் இருந்தால், நான்கு நிமிஷ நடை ஒன்பது நிமிஷம் ஆகிவிடும், நடுவில் சிக்னல் வேறு.

இன்னும் தெற்கே போனால் வாடகை குறையுமே என்று கடைசி ஸ்டேஷனான ஓபர்லா வரை போய்ப் பார்த்தேன். 2017இல் நீட்டிய தடம், பூங்கா, காற்று எல்லாம் அருமை. ஆனால் தெற்கே வரும் ஊ1 வண்டிகளில் ஒன்றுவிட்டு ஒன்று அலாவுடகாஸெயோடு நின்றுவிடும், அதற்கு மேல் காத்திருப்பு இரட்டிப்பு. அதே தடம், அதே சிவப்பு, ஆனாலும் ஒரே சேவை இல்லை. வீட்டு விளம்பரத்தில் 'ஊ1 பக்கத்தில்' என்றுதான் போட்டிருந்தது.

2023 ஆகஸ்டில் ட்ரோஸ்ட்ஸ்ட்ராஸெக்கு மாறினோம். 1970களின் கட்டடம், அழகு என்று எதுவும் கிடையாது, லிஃப்ட் உண்டு. மேப்பில் அளந்தால் ஹெர்னால்ஸைவிட ஆபீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம். ரயிலில் உட்கார்ந்தால் இருபது நிமிஷம், மாற வேண்டியதில்லை. செலவிலும் அதிர்ஷ்டம்: அந்த ஜூலை 1ஆம் தேதியிலிருந்து ப்ரோக்கரை யார் அமர்த்தினாரோ அவரே கமிஷன் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஹெர்னால்ஸில் ஒரு மாத வாடகையும் வரியும் ப்ரோக்கருக்கு அழுதேன், இங்கே ஒன்றும் இல்லை. மூன்று மாத வாடகை டெபாசிட் மட்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முன்பு குடியிருந்தவர் தன் பழைய சமையலறை அலமாரிக்கு 'ஆப்லோஸெ' என்று காசு கேட்டார். பேரம் பேசலாம், பேசினோம், பாதியானது. குடிவந்த மூன்று நாளைக்குள் மெல்டெட்செட்டல் என்ற முகவரிப் பதிவைச் செய்துவிட வேண்டும், பாங்க் கணக்கு முதல் பள்ளிக்கூடம் வரை அந்தத் தாள்தான் கேட்பார்கள்.

விக்டர் ஆட்லர் மார்க்கெட் ஒரு ஸ்டேஷன் தூரம். சனிக்கிழமை மூடும் நேரத்தில் போனால் கத்திரிக்காயும் தக்காளியும் கூவிக் கூவி விலையைக் குறைப்பார்கள், கொத்தமல்லி நிஜமான கட்டாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கடை மூடிவிடும். அப்போது ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்தான் கதி. எங்களுக்கு மூன்று ஸ்டேஷனில் ஹாப்ட்பான்ஹோஃப், அதாவது மெயின் ஸ்டேஷன். பால் தீர்ந்த ஞாயிறுகளில் இதன் அருமை தெரியும். மிக்ஸி ஓட்டும் நேரமும் இந்த ஊரில் ஒரு விஷயம்: இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிறும் கூடாது என்று கீழ்வீட்டு அம்மா சொல்லிவிட்டார். இட்லி மாவு சனிக்கிழமை மாலையே அரைத்தாகிவிடும்.

எங்கள் நண்பர் ஒருவர் ஸேஷ்டாட்டில் இருக்கிறார், 22ஆவது வட்டாரத்தில் பழைய விமானத் தளத்தில் எழுந்த புது ஊர். அங்கே வீடுகளுக்கு முன்பே மெட்ரோ வந்துவிட்டது; 2013இல் ஊ2 ஓட ஆரம்பித்தபோது சுற்றிலும் மண்ணும் கிரேனும்தானாம். நம் ஊரில் ப்ளாட் போட்டு, வீடு கட்டி, பேரன் பிறந்து, அப்புறம்தான் பஸ் வரும் என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ஆபீஸ் ஊ2இல், அதனால் அவருக்கு அது சரி. எனக்கு அது மறுபடி ப்ராட்டர்ஷ்டெர்ன் எஸ்கலேட்டர்.

வரும் ஜூலையோடு எங்கள் மூன்று வருஷமும் முடிகிறது. புதுப்பிப்பாரா, எவ்வளவு கேட்பார் என்று வீட்டுக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை. போன வாரம் சும்மா இருக்கட்டும் என்று விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஹெர்னால்ஸில் ஒரு வீடு, மூன்றாவது மாடி, பெரிய பால்கனி, வாடகையும் நியாயம். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "லிஃப்ட் இருக்கா?" இருக்கிறது என்றேன். "எந்த கலரு?"

அடுத்த விளம்பரத்துக்குப் போனேன்.