காட்டை அழிக்கும் திருப்பணி

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில், அழகர்மலைக் காப்புக்காட்டுக்கு அருகில், ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான பரப்பில் வீரகோயில் காடு இருக்கிறது. 2025ஆம் ஆண்டு தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அதே தகுதி இது. அரசாணை வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே, அக்காட்டின் சாமியான வீரத் தம்பிரானுக்கு அஞ்சி அங்கே எவரும் மரம் வெட்டியதில்லை.

கோயில் காடுகளின் கட்டுப்பாடுகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். பொதுவாக, செருப்போடு நுழையக் கூடாது, பச்சை மரத்தில் அரிவாள் படக் கூடாது, கீழே விழுந்த சுள்ளியைக்கூட அங்கேயே பொங்கல் வைக்க எரிக்கலாமே தவிர வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. இவற்றில் கடைசி விதிதான் எனக்கு மிக நுட்பமானதாகப் படுகிறது; ஏனெனில் சருகும் சுள்ளியும் விழுந்த இடத்திலேயே மட்கும்போதுதான் மண் ஈரத்தைப் பிடித்துவைத்து அடுத்த விதையை முளைக்கவிடுகிறது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, ஆண்டின் பெரும்பகுதி வறண்டும் வடகிழக்குப் பருவமழையை நம்பியும் வாழ்கிற உலர் பசுமைமாறாக் காடுகளில் எஞ்சியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட கோயில் காடுகளே. மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் ஒன்று. வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற அக்காட்டு மரங்கள் மெல்ல வளர்பவை. ஒருமுறை வெட்டினால் நம் ஆயுளில் அதே நிழல் திரும்பாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'பக்தி இருந்தால் இயற்கை பிழைக்கும்' என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் இன்று பக்தி குறையவில்லை, கூடியிருக்கிறது, நன்கொடையும் கூடியிருக்கிறது, காடுதான் குறைகிறது. கூரையின்றி மண்குதிரைகளுக்கு நடுவே மரத்தடியில் நின்ற ஐயனாருக்குக் கான்கிரீட் மண்டபமும், தகரக் கொட்டகையும், அன்னதானக் கூடமும், வண்டி நிறுத்தும் இடமும் எழுகின்றன. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்காகக் காட்டின் ஒரு பகுதியை அழித்தவர்கள் நாத்திகர்கள் அல்லர்; விரதமிருந்து, சாமி சன்னதியில் பூப்போட்டு உத்தரவு கேட்டுத்தான் வெட்டினார்கள். (சாமி மறுத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.) காடே சாமியின் வீடாக இருந்தவரை மரம் வெட்டுவது அவர் வீட்டை இடிப்பதாக இருந்தது, கட்டடம் அவர் வீடானதும் மரம் வெறும் இடைஞ்சலாகிவிட்டது. நம்பிக்கை குறையவில்லை, அது குறிவைக்கும் இடம் மாறிவிட்டது என்பதே என் கணிப்பு.

பழைய கட்டுப்பாடுகளை அப்படியே போற்றவும் என்னால் இயலாது. சில காடுகளில் பெண்கள் நுழையக் கூடாது என்ற விதியும் அவற்றோடு சேர்ந்தே வந்தது. மரத்தைக் காப்பதற்கு அந்த விதி தேவையில்லை.

எத்தியோப்பியாவின் வடபகுதியில் மரபுவழித் திருச்சபையின் தேவாலயங்களைச் சுற்றி, வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே சிறுசிறு காடுகள் எஞ்சியுள்ளன. சூழலியலாளர் அலெமாயேகு வாசி அங்குள்ள குருமார்களுடன் பேசி, வயல்களில் கிடந்த கற்களைக் கொண்டே காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பும் பணியை முன்னெடுத்தார். மாடு நுழையாததால் உள்ளே இளங்கன்றுகள் பிழைக்கின்றன. அந்தச் சுவரும் திருப்பணிதான். நம் ஊர்களிலும் திருப்பணிக் குழுவின் மதிப்பீட்டில் மண்டபத்துக்கு இணையாக, ஆடு நுழையாத வேலிக்கும், சீமைக் கருவேலத்தை வேரோடு களைவதற்கும், வீரை நாற்றுகளுக்கும் ஒரு தொகை எழுதலாம். உபயதாரர் பெயரைப் பொறிக்க டியூப் லைட்தான் வேண்டும் என்றில்லை, வேலிக்கல்லும் போதும். மண்டபம் கட்டியே தீர வேண்டுமென்றால், அதைக் காட்டின் எல்லைக்கு வெளியே கட்டுவது என்று திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றும் பாலாலயத்துக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.