ஞானப்பல் வலி: தானாக அடங்கினாலும் ஏன் பார்க்க வேண்டும்?

ஞானப்பல் எனப்படும் மூன்றாவது கடைவாய்ப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வெளியே தலைகாட்டுகிறது. ஆனால் பிள்ளை நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்போதே அது தாடை எலும்புக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. கீழ்த்தாடை காதை நோக்கி மேலே வளையும் மூலையில், முன்பக்கம் சாய்ந்த நிலையில்தான் அது முதலில் உருவாகும். தாடை நீண்டு இடம் கிடைக்கக் கிடைக்க மெல்ல நிமிர்ந்து மற்றப் பற்களின் வரிசைக்கு வந்து சேரும். இடம் போதாதபோது சாய்ந்தபடியே முன்னாலுள்ள பல்லில் முட்டி நின்றுவிடுகிறது, அல்லது படுத்த நிலையில் எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. சிலருக்கு நான்கில் ஒன்றோ இரண்டோ, ஏன் நான்குமேகூட, உருவாவதில்லை. அது ஒரு குறையே அன்று.

முழுவதும் புதைந்த பல் பல நேரங்களில் சத்தமில்லாமல் கிடந்துவிடுகிறது. பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் நிற்கும் கீழ்ப்பல்தான் அதிகம் படுத்துகிறது. அதன் மேல் மூடி போல ஈறுத் துண்டு ஒன்று கிடக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கையும் கடலைத் துணுக்கும் போய்த் தங்கினால் எந்தப் பிரஷ்ஷும் அங்கே எட்டாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்குகிறது, வீங்கிய ஈறை மேல்பல் ஒவ்வொரு முறையும் கடிக்கிறது, கடிபட்டது இன்னும் வீங்குகிறது. காது வரை ஏறும் வலி, விழுங்கும்போது தொண்டையில் நோவு, வாயில் ஒரு கெட்ட சுவை, தாடைத் தசைகள் இறுகி வாயைத் திறக்க முடியாமை ஆகியவை இதன் அடையாளங்கள்.

எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் தாடை வீங்கினால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது பொன்னுக்கு வீங்கி. காது நோகிறது என்றால் காதில் எண்ணெய் விடுவார்கள். இரண்டும் இல்லையென்று ஆன பிறகு மருந்துக்கடைக்குப் போய், "பல்வலிக்கு ரெண்டு செட் குடுங்க" என்று கேட்டு வாங்குவது வழக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் என் அக்கா மகனும் இதையே செய்துகொண்டிருந்தான். ஓரிரு நாள் மாத்திரையில் வலி அடங்கும், சில மாதம் கழித்துத் திரும்பும், மறுபடியும் மாத்திரை. இந்தப் பல்லின் வஞ்சகம் இதுதான்: மருந்தில்லாமலேகூடச் சில நாளில் வலி தணிந்துவிடும், ஆனால் ஈறு மூடியும் அதனடியில் உள்ள பள்ளமும் அப்படியே இருப்பதால் தொற்று திரும்பத் திரும்ப வரும். சீட்டில்லாமல் வாங்கி அரைகுறையாக விழுங்கும் ஆன்டிபயாட்டிக் அந்தப் பள்ளத்தை மூடுவதில்லை. வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளிப்பது நல்லதுதான். பல் மருத்துவரைப் பார்க்கும் வரைக்குமான உதவி அது.

ஆகவே முதல் முறை வீங்கும்போதே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது; இரண்டாம் முறையும் வந்தால் யோசிக்கவே வேண்டாம். வலியே இல்லாமல் கடைசி இரண்டு பற்களுக்கிடையே உணவு சிக்கிக்கொண்டே இருந்தாலும் போக வேண்டும். ஏனெனில் சாய்ந்த ஞானப்பல்லால் அதற்கு முன்னாலுள்ள நல்ல பல்லின் பின்பக்கம் சொத்தையாவது உண்டு, அதைக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திருமணம் நிச்சயமான பெண் பிள்ளைகளுக்கு இத்தொல்லை இருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே முடித்துவிடுவது எளிது. கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கும், கொடுக்கக்கூடிய மருந்துகளும் குறைவு. காய்ச்சலோடு வீக்கம் தாடைக்கடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, நாக்கு மேலே தள்ளப்பட்டாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அது இரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை.

மருத்துவர் பார்த்ததும் ஓ.பி.ஜி. என்னும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவார். இரண்டு தாடைகளும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும். பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதோடு, கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புக்கு வேர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் அதில் பார்ப்பார்கள். கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்பே. எடுக்கும்போது அது நசுங்கினால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், அரிதாக நிலைத்தும் விடுவதால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை. வயது ஏற ஏற வேர் முழுமையடைந்து எலும்பும் இறுகுவதால், எடுத்தாக வேண்டிய பல்லை இருபதுகளின் தொடக்கத்தில் எடுப்பது நாற்பதில் எடுப்பதைவிடச் சுலபம்.

மகனை ஒருவழியாகப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அக்காவுக்கு இருந்த பயமோ வேறு. "ஏனுங்க டாக்டர், பல்லப் புடுங்குனா கண்ணு மங்கிப் போயிடாதுங்களா?" என்று கேட்டார். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. கீழ்த்தாடைப் பல்லை எடுப்பதற்கும் பார்வைக்கும் தொடர்பே இல்லை. கோயம்புத்தூர் வரை படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதால் அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைத் திறந்து, தேவைப்பட்டால் பல்லைத் துண்டுகளாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பல் இருந்த குழியில் உறையும் இரத்தக்கட்டுதான் புண்ணுக்குக் காப்பு. அது பெயர்ந்துபோனால் எலும்பு வெளித்தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் தாங்க முடியாத வலி எடுக்கும். அதனால் முதல் நாள் கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது. பீடி, சிகரெட், புகையிலை அறவே ஆகாது. பொள்ளாச்சி இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். குழையவிட்ட சோற்றில் மோர் ஊற்றி ஆறவைத்துச் சாப்பிட்டால் போதும். கொள்ளுப் பருப்புக்கு ஒரு வாரம் பொறுக்கலாம்.

மற்ற மூன்றையும் சேர்த்தே எடுத்துவிடலாமா என்று அக்கா கேட்டதற்கு மருத்துவர் மறுத்துவிட்டார். மேல்பற்கள் இரண்டும் நேராக வந்திருக்கின்றன, பிரஷ் எட்டுகிறது, சொத்தையில்லை. எதிர்ப்பக்கக் கீழ்ப்பல் சற்றுச் சாய்ந்திருந்தாலும் தொல்லை தரவில்லை என்பதால், அதை ஆண்டுக்கொரு முறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.