லூர்து கெபியில் எங்கள் மாணவியர்

கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் மறைக்கல்வி கற்பித்துவரும் எனக்கு, இந்தக் கோடையில் மேல்வகுப்பு மாணவியரோடு லூர்து நகருக்குத் திருப்பயணம் செல்லும் பேறு வாய்த்தது. எங்கள் மறைமாவட்டக் குழுவில் நோயாளிகளும் முதியோரும் பலர் இருந்தனர். அவர்களுக்குப் பணிவிடை செய்யவே மாணவியரை அழைத்துச் சென்றோம். சுற்றிப் பார்த்தலும் தனிச் செபமும் பணி முடிந்த பிறகுதான் என்பதைப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள இவ்வூரில் 1858 பிப்ரவரி 11 முதல் சூலை 16 வரை, மசபியேல் என்ற பாறைக் குகையில் (கெபியில்) அன்னை மரியா 18 முறை காட்சி தந்தார். அந்தக் காட்சிகளைக் கண்ட பெர்னதெத்துக்கு அப்போது வயது 14. அவரும் ஒரு பள்ளி மாணவியே என்பதைத்தான் பயணத்துக்கு முந்திய வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சிறுமி, புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை அப்பம்) வாங்க வேண்டும் என்ற ஆவலால், நெவர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட துறவற சபையின் சகோதரிகள் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய வகுப்பில் தம்மைவிடச் சிறியவர்களோடு அமர்ந்து படித்தார். கைதிகளை அடைக்கவும் தகுதியற்றது என்று கைவிடப்பட்ட ஒரு பழைய சிறையறையில்தான் அவர் குடும்பம் குடியிருந்தது. காட்சிகளுக்குப் பின் அதே சகோதரிகளின் இல்லத்தில் தங்கிக் கல்வி கற்று, 1866-இல் அச்சபையிலேயே சேர்ந்து, நெவர் மடத்தில் நோயுற்ற சகோதரிகளைக் கவனித்துக்கொண்டார். பிறகு தாமே படுக்கையில் விழுந்தபோது, நோயாளியாய் இருப்பதே தமக்குத் தரப்பட்டுள்ள வேலை என்று சொன்னவர், 1879-இல் தமது 35-ஆம் வயதில் இறந்தார். 1933-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. பலரும் காட்சிகளோடு அவருடைய வரலாற்றை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிப் பருவத்துப் பெண்களுக்கு அதன் பிந்திய 21 ஆண்டுகளே அதிகம் தேவை என்று நான் கருதுகிறேன்.

லூர்தில் நோயாளிகளுக்கே முதலிடம். சாலையோரம் அவர்களுடைய வண்டிகளுக்கென்றே சிவப்பு நிறத் தடம் தீட்டப்பட்டிருக்கிறது. பவனியில் அவர்களுக்கென்று தனி வரிசை உண்டு. கெபியின் முன்னும் அவர்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகே மற்றவர்களுக்கு இடம். நலமாய் இருப்பவர்கள் ஒதுங்கி நின்று காத்திருக்கும் ஒரு நகரத்தை எங்கள் பிள்ளைகள் அதற்கு முன் கண்டதில்லை. அங்கே நோயாளிகளை அழைத்துச் செல்ல, மடக்குக் கூரை கொண்ட நீலநிற மூன்று சக்கர வண்டிகள் உள்ளன. முன்னால் நீண்ட கைப்பிடியைப் பற்றி ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் துணை நிற்பார். முதல் நாள் காலையில் மாணவியருக்குப் பயிற்சி அளித்த தொண்டர் ஒருவர், வண்டியை நகர்த்துமுன் நோயாளியின் எதிரே வந்து, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து, தன் பெயரைச் சொல்லி, எங்கே போகிறோம் என்று தெரிவித்து, அவருடைய சம்மதம் கேட்ட பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும் என்றார். போர்வை சக்கரத்தில் சிக்காதபடி மடிப்பது, இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றையெல்லாம் அதற்குப் பிறகுதான் கற்றுக்கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலை, மசபியேல் கெபிக்குள் நோயாளிகளை வரிசையாக அழைத்துச் சென்றோம். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்திருந்த ஒரு மூதாட்டியின் வண்டியை எங்கள் மாணவி ஒருத்தி இழுத்து வந்தாள். எத்தனையோ தலைமுறைகளாகத் திருப்பயணிகள் தொட்டுத் தொட்டு, அந்தப் பாறைச் சுவர் கைபடும் உயரத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. அம்மையாரின் இடக்கை பாறைக்கு எட்டவில்லை; வலக்கையோ அசையாது. மாணவி வண்டியை நிறுத்திவிட்டு அருகில் மண்டியிட்டு, “பாட்டி, நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். அவர் தலையசைத்ததும், மடங்கியிருந்த வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விரித்து, ஈரம் கசிந்த பாறையில் உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்து, தன் கையால் தாங்கிக்கொண்டாள். பின்னால் வரிசை நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த அம்மையார் வாய்க்குள் செபித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் போதும் என்று சொல்லும்வரை அவள் கையை எடுக்கவில்லை. வகுப்பில் செபமாலை சொல்லும்போது இருப்புக்கொள்ளாமல் நெளிகிற பிள்ளை அவள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பெர்னதெத் தம் விரல்களால் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட ஊற்று, பிப்ரவரி 25-இல் நிகழ்ந்த காட்சிக்குரியது. அதன் நீரைத் தொண்டர்கள் கைகளில் ஊற்ற, முகம் கழுவிப் பருகினோம். ஆயிரக்கணக்கானோர் இங்கே குணமடைந்ததாகச் சாட்சி சொல்லியிருந்தாலும், நீண்ட மருத்துவ ஆய்வுக்குப் பின் திருச்சபை புதுமை (அற்புதம்) என்று ஏற்றவை 70-க்குச் சற்று மேல்தான். “எங்கள் பாட்டிக்குக் குணமாகுமா, டீச்சர்?” என்று மாணவியர் கேட்டார்கள். உடல்நலத்தை அன்னை யாருக்கும் உறுதியாகத் தரவில்லை என்பதையும், பெர்னதெத்திடமே இவ்வுலகில் அல்ல, மறுவுலகில்தான் மகிழ்ச்சி தருவதாகச் சொன்னார் என்பதையும் அவர்களுக்கு மறைக்காமல் எடுத்துரைத்தேன். பிள்ளைகளின் விசுவாசம் உண்மையைத் தாங்கக்கூடியது.

மாலை நற்கருணைப் பவனியும் இரவு மெழுகுதிரிப் பவனியும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆயிரமாயிரம் திரிகள் “மரியே வாழ்க” என்ற பல்லவிக்கு ஒருசேர உயர்வதைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் இரவில் மாணவியர் வட்டமாக அமர்ந்து, அன்றைய அனுபவத்தைப் பகிர்ந்து செபித்தார்கள். அங்கே எழுந்த ஒரு பேச்சைப் பற்றிப் பிறகு நெடுநேரம் யோசித்தேன். எங்கள் பள்ளியில் காலைச் செபமும் முதல் வெள்ளித் திருப்பலியும் ஒருபுறம் நடக்க, முதியோர் இல்லம் சென்று தொண்டு செய்த மணிக்கணக்கு மற்றொருபுறம் ஒரு பதிவேட்டில் ஏறும். கெபியில் பாட்டியின் கையைத் தாங்கி நின்ற நேரத்தைச் செபத்தில் சேர்ப்பதா, தொண்டில் சேர்ப்பதா என்று ஒருத்தி கேட்டாள். மற்றொருத்தி, அந்தப் பதிவேட்டில் முதியவரின் பெயருக்கு ஓர் இடமே இல்லை என்றாள். “மிகச் சிறியோராகிய என் சகோதரர் சகோதரிகளுள் ஒருவருக்கு நீங்கள் செய்ததையெல்லாம் எனக்கே செய்தீர்கள்” என்ற ஆண்டவரின் வார்த்தையில் மணிக்கணக்கு இல்லை. முகம் உள்ள ஒருவர் இருக்கிறார். சான்றிதழுக்குப் பதிவேடு பயன்படலாம். ஆனால் அதை நிரப்புவதற்காகவே முதியோர் இல்லத்துக்குச் செல்கிற பிள்ளைக்கு, அங்கே கிறிஸ்துவைச் சந்திக்க நேரம் கிடைப்பதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

பள்ளி திறந்ததும், திருப்பயணம் சென்ற மாணவியர் தலைமை அருள்சகோதரியிடம் இரண்டு கோரிக்கைகளை வைத்தார்கள். முதியோர் இல்லத்துக்கு வாரந்தோறும் வேறு வேறு வகுப்பை அனுப்பாமல், ஒவ்வொரு மாணவிக்கும் ஒரே முதியவரை ஆண்டு முழுவதும் சந்திக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது ஒன்று. புறப்படுமுன் சிற்றாலயத்தில் அந்த முதியவர்களின் பெயர்களைச் சொல்லிச் செபிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் சகோதரி ஏற்றுக்கொண்டார். இப்போது செவ்வாய்தோறும் பள்ளி முடிந்ததும் அந்தப் பெயர்கள் சிற்றாலயத்தில் வாசிக்கப்படுகின்றன. நடமாட முடியாதவர்களின் பெயர்களை முதலில் வாசிக்கும் முறையை மாணவியரே வகுத்திருக்கிறார்கள்.